மூன்று கம்பமும் ஒரு கப்பலும்: தேய்ந்த ரோமானிய வெள்ளிக் காசு, ஒரு நிகழ்வு ஆய்வு

தெனாரியஸ் என்பது பழைய ரோமின் வெள்ளிக் காசு. தேய்ந்த தெனாரியஸ் காசுகளில் அடிக்கடி எதிர்ப்படும் நிலைக்கு மாதிரியாக ஒரு காசை எடுத்துக்கொள்வோம். சாம்பல் படிந்த வெள்ளி. எடை 3.092 கிராம். விட்டம் ஒரு வாட்டத்தில் 17.2 மி.மீ., இன்னொரு வாட்டத்தில் 18.1 மி.மீ. ஒரு பக்கத்தில் குறுக்கே ஒரு மங்கிய மேடு, அதன் கீழே சில சாய்ந்த கீறல்கள். மறுபக்கத்தில் நெடுக்காக மூன்று கோடுகள். எழுத்து என்று சொல்லும்படி வெறுங்கண்ணுக்கு எதுவும் இல்லை. விற்பவர் 'ரோமானிய வெள்ளி' என்று மட்டும் சொல்லியிருப்பார். ஆட்சி, ஆண்டு, வகை எல்லாவற்றையும் காசிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும்.

முதலில், செய்யக்கூடாத ஒன்று. வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குகிற பழக்கத்தில் புளியோ விபூதியோ பற்பசையோ போட்டுக் காசைத் தேய்த்துவிடுகிறார்கள். பளிச்சென்று ஆகும், உண்மைதான். ஆனால் தேய்ந்த காசில் எழுத்து என்று மிஞ்சியிருப்பது ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு உயரமுள்ள மேடு. அதற்கும் தரைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பதே பள்ளங்களில் தங்கிய கருமைதான். அந்தக் கருமை போனால் பாதி வாசகமும் அதோடு போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் ஒற்றி எடுத்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோன். அதற்கு மேல் வேண்டாம்.

எடை சொல்வதும் சொல்லாததும்

பலர் எடையைப் பார்த்தவுடன் முடிவுக்கு வருகிறார்கள். இந்தக் காசில் அது நேராகத் தவறான இடத்தில் கொண்டுபோய்விடும்.

தெனாரியஸ் கி.மு. 211 வாக்கில் வந்தது. குடியரசுக் காலத்தின் பெரும்பகுதியிலும் தொடக்கப் பேரரசிலும் ஒரு ரோமானிய ராத்தல் (எடை அளவு) வெள்ளிக்கு 84 காசு, அதாவது காசு ஒன்று ஏறத்தாழ 3.9 கிராம். கி.பி. 64இல் பேரரசர் நீரோ அதை ராத்தலுக்கு 96 ஆக்கினார், ஏறத்தாழ 3.4 கிராம். 3.092 என்ற எண் இரண்டாவது அளவுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆகவே 'நீரோவுக்குப் பிந்தையது, ஒருவேளை பேரரசர் டிராஜன் அல்லது ஹேட்ரியன் காலம்' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் 3.4 கிராமில் தொடங்கி 3.1க்கு வந்த காசு இழந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு குறைந்த இழப்பில் முகம், முடி, எழுத்து எல்லாம் இப்படி வழித்தெடுத்தாற்போல் போகாது. இந்த அளவு தேய்மானத்துக்குக் காசு அரை கிராமுக்கு மேல் இழந்திருக்க வேண்டும். அப்படியானால் புறப்பட்ட எடை 3.6 முதல் 3.9 வரை. அதாவது நீரோவுக்கு முந்தைய அளவு. எடையைத் தேய்மானத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தனியாகப் படித்தால் ஒரு நூற்றாண்டு பிசகும்.

மற்ற வெள்ளி வகைகளை விலக்குவது எளிது. குவினாரியஸ் இதில் பாதி எடை. கி.பி. 215இல் வந்த அந்தோனினியானஸ் அகலமானது, அதில் பேரரசர் தலையில் கதிர்முடி இருக்கும். நான்காம் நூற்றாண்டின் சிலிக்குவா தகடுபோல் மெல்லியது. இது தெனாரியஸ்தான்.

உள்ளே வெள்ளியா, செம்பா

செம்புக் கருவின் மேல் வெள்ளித் தோல் போர்த்திய பழங்காலப் போலிகள் ஏராளம். தேய்ந்த காசில் அவை பெரும்பாலும் தாமே காட்டிக்கொடுத்துக்கொள்ளும்: உயர்ந்த மேடுகளிலும் விளிம்பிலும் தோல் கிழிந்து சிவப்போ பச்சையோ எட்டிப்பார்க்கும். நம் காசில் அப்படி எதுவும் இல்லை. ஆயினும் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) பார்த்துவிடுவது நல்லது. காசுக்கு எந்தச் சேதமும் இல்லாத சோதனை.

தராசின் மேல் ஒரு கண்ணாடிக் கோப்பையில் காய்ச்சி ஆறவைத்த, வடித்த நீரை வைத்து, காட்டியைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை மெல்லிய நைலான் இழையில் கட்டி, கோப்பையின் அடியையும் சுவரையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காற்றில் எடுத்த எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. இங்கே 3.092 ÷ 0.302 = 10.24.

தூய வெள்ளி 10.49. செம்பு 8.96. தோல் போர்த்திய காசானால் 9.1க்கும் 9.3க்கும் இடையில் வரும். எனவே இது உள்ளும் புறமும் வெள்ளிக் கலவைதான். இங்கே ஓர் எச்சரிக்கை: 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் நகைக்கடைத் தராசில் அந்த 0.302 வெறும் 0.30 என்று வரும். உண்மையில் அது 0.29ஆகவோ 0.31ஆகவோ இருக்கலாம். ஒப்படர்த்தி 10.7க்கும் 10.0க்கும் இடையில் ஊசலாடும். செம்புக் கருவைப் பிடிக்க அது போதும். வெள்ளி எத்தனை சதவீதம் என்று கணக்கிட அது உதவவே உதவாது. 0.001 கிராம் தராசிலும்கூடக் கணக்கு ஏறத்தாழ 86 சதவீதம் வெள்ளி என்று காட்டுவதை அப்படியே எழுதிவிடக் கூடாது. பழைய வெள்ளியில் நுண்துளைகள் உண்டு. அவற்றில் சிக்கிய காற்று எண்ணைக் கீழே இழுக்கும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, குமிழிகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பது வழக்கம்.

கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியால் சோதித்தால் 95 சதவீதம் என்றுகூட வரலாம். அதுவும் பொய்யில்லை, ஆனால் மேற்பரப்பின் உண்மை மட்டுமே. மண்ணில் கிடந்த காலத்தில் செம்பு அரித்து வெளியேறி, மேல்தோலில் வெள்ளி செறிந்துவிடுகிறது. கருவியின் பார்வை அந்தத் தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது.

முகம் இல்லை என்பதே முதல் துப்பு

இனி உருவம். இதற்கு வேண்டியது ஒரே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு, பத்து மடங்கு லென்ஸ், அசையாமல் பொருத்திய கேமரா. அறையை இருட்டாக்கி, விளக்கைக் காசின் தளத்துக்கு 10 பாகை சாய்வில் கிடத்த வேண்டும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த பரப்பு, பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடும் நிழலுமாக எழுந்து நிற்கும். காசையும் கேமராவையும் அசைக்காமல் விளக்கை மட்டும் 30 பாகைக்கு ஒரு தடவையாகச் சுற்றிப் பன்னிரண்டு படங்கள் எடுக்க வேண்டும். பன்னிரண்டும் வேண்டும், ஏனென்றால் விளக்கின் திசையிலேயே ஓடும் கோடு நிழல் விழாமல் மறைந்துவிடும். ஒரே படத்தில் எழுத்து இல்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

வேறு வழி இல்லாதபோது காசின் மேல் மெல்ல மூச்சு விட்டுப் பார்ப்பதும் உண்டு. ஆவி படிந்து மறையும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் மேடுகள் தனித்துத் தெரியும். எளிய உத்திதான், ஆனால் நம்பத்தக்கது.

முன்புறத்தில் தெரிவது என்ன? பேரரசுக் கால தெனாரியஸின் முன்புறத்தில் அநேகமாக எப்போதும் ஒரு தலை இருக்கும். தலை எவ்வளவு தேய்ந்தாலும் காசின் நடுவில் ஒரு முட்டை வடிவ மேடும், கீழே கழுத்து வெட்டுப்பட்ட விளிம்பும் மிஞ்சும். ஏனெனில் அங்கேதான் உலோகம் மிக உயரமாக எழுந்திருந்தது. நம் காசில் நடு மேடு இல்லை. இருப்பது குறுக்காக ஓடும் ஒரு பட்டை, மையத்துக்குச் சற்றுக் கீழே. பட்டையின் வலது முனை மேல்நோக்கி வளைகிறது. அடியில் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில், எட்டோ ஒன்பதோ சிறு கோடுகள். கீறல்கள் இப்படி ஒழுங்காக விழுவதில்லை. இவை துடுப்புகள். பட்டை, கப்பலின் உடல்.

பின்புறத்தில் மூன்று நெடுங்கோடுகள். நடுக்கோட்டின் உச்சியில் இருபுறமும் விரிந்த ஒரு தடிப்பு; பக்கக் கோடுகளில் மேலிருந்து கீழாக மணிகோத்ததுபோல் வட்ட மேடுகள். நடுவில் இருப்பது ரோமானியப் படையணியின் கழுகுச் சின்னம். இருபுறமும் படைக் கொடிக்கோல்கள்.

மூன்று கம்பம் என்பதால் மட்டும் முடிவு கட்ட முடியாது. கி.மு. 82இல் வலேரியஸ் ஃபிளாக்கஸ், கி.மு. 49இல் நேரியஸ், கடைசி ஆண்டுகளில் நீரோ, பின்னர் டிராஜன், கி.பி. 193இல் செப்டிமியஸ் செவரஸ் என்று பலர் இதே கழுகையும் கொடிக்கோல்களையும் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அவற்றின் மறுபக்கத்தில் எல்லாம் ஒரு தெய்வத்தின் உருவோ பேரரசரின் தலையோ உண்டு. கப்பல் கிடையாது. ரோமானியக் கடற்படைத் தலைவர் செக்ஸ்டஸ் பாம்பேயின் காசில் கப்பல் உண்டு. ஆனால் கூடவே சிசிலியின் மெசானா கலங்கரை விளக்கமும், மறுபக்கத்தில் ஸ்கில்லா என்னும் கடல் அரக்கியும் இருக்கும். கப்பலும் மூன்று கம்பமும் ஒரே காசில் சேர்வது ரோமானியத் தளபதி மார்க் அந்தோனியின் படையணி தெனாரியஸில்தான் (படையணியின் எண்ணைப் பொறித்த காசு). கி.மு. 32-31, அந்தோனி தோற்ற அக்டியம் கடற்போருக்கு முன்பு, கிளியோபாத்ராவும் அந்தோனியும் கிரேக்கக் கரையில் படை திரட்டியிருந்த காலம். அச்சடித்த இடம் பெரும்பாலும் கிரேக்க நகரமான பாட்ரே என்று சொல்வார்கள். படையோடு நகர்ந்த அச்சுக்கூடமாகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. மார்க்கஸ் அவ்ரேலியஸும் லூசியஸ் வெரஸும் சேர்ந்து ஆண்டபோது, இந்தக் காசையே மறுபதிப்பாக வெளியிட்டார்கள். அதிலும் கப்பல், அதிலும் கழுகு. வேறுபாடு வாசகத்தில்: அந்தோனியின் மூலக்காசில் பின்புற விளிம்பு வெறுமையாக இருக்கும், எழுத்துகள் கம்பங்களுக்கு நடுவே கீழ்ப்பகுதியில். மறுபதிப்பில் இரு பேரரசர்களின் பெயர்களும் பின்புற விளிம்பைச் சுற்றி ஓடும். நம் காசின் பின்புற விளிம்பில் பன்னிரண்டு படங்களிலும் எழுத்தின் சாயல்கூட இல்லை, கீழ்ப்பகுதியில் இருக்கிறது. எனவே இது மூலக்காசுதான்.

இவ்வளவு தேய்ந்தது ஏன் என்பதற்கும் இப்போது விடை கிடைக்கிறது. பெரும் படைக்குச் சம்பளம் கொடுக்க அந்தோனி வெள்ளியில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செம்பைக் கலந்தார். அவர் தெனாரியஸில் இரும்பைக் கலந்தார் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார்; கலந்த உலோகம் செம்பு என்பதுதான் ஆய்வுகளில் தெரிவது. நல்ல வெள்ளிக் காசுகளை மக்கள் பதுக்கினார்கள், அரசு திரும்பப் பெற்று உருக்கியது. டிராஜன் தேய்ந்த காசுகளை எல்லாம் உருக்கச் செய்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டயோ சொல்கிறார். தரம் குறைந்த அந்தோனிக் காசை உருக்குவதில் ஆதாயம் இல்லை. அதனால் அது கைமாறிக்கொண்டே இருந்தது. அச்சடித்து இருநூறு ஆண்டுக்கு மேல் கழிந்து புதைக்கப்பட்ட மூன்றாம் நூற்றாண்டுப் புதையல்களிலும் இவை வழுவழுவென்று தேய்ந்து கிடைக்கின்றன. நம் ஒப்படர்த்தி எண்ணும் இந்தக் கதைக்கு ஒத்துப்போகிறது.

எண்ணைப் படித்தல்

வகை தெரிந்துவிட்டது. எஞ்சியது படையணியின் எண். இங்கேதான் பொறுமை வேண்டும்; ஆசை கண்ணை மறைப்பதும் இங்கேதான்.

கழுகுக் கம்பத்தின் இடப்புறம் எல்-இ-ஜி (லெஜியோ, அதாவது படையணி) என்ற மூன்று எழுத்துகள், வலப்புறம் ரோமன் எண். நாணய ஆய்வாளர் கிராஃபோர்டின் ரோமானியக் குடியரசு நாணயப் பட்டியலில் இந்தத் தொடர் முழுவதும் 544ஆம் எண்ணின் கீழ் வருகிறது. இரண்டாம் படையணி 544/14, இருபத்து மூன்றாவது 544/39. முதல் படையணி என்று படிக்கும் காசுகளையும், 23க்கு மேற்பட்ட எண்களையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். சாதாரண எண்ணைச் செதுக்கி அரிய எண்ணாக்கும் வேலை நெடுநாளாக நடக்கிறது. கோடுகளின் ஓரம் சுற்றியுள்ள பரப்பைவிடக் கூர்மையாக இருந்தால் அது பிற்காலக் கை.

தேய்ந்த எண்ணில் நான்கு இடங்களில் கண் ஏமாறும். ஒன்று, 'எக்ஸ்' எழுத்தின் கீழ்ப்பாதி தேய்ந்தால் அது 'வி' ஆகிவிடும். பத்து ஐந்தாகும், பதினொன்று ஆறாகும். இரண்டு, வலது ஓரத்து 'ஐ' கொடிக்கோலின் தண்டோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகும்; அல்லது தண்டின் தேய்ந்த துண்டே 'ஐ'யாகத் தோன்றும். மூன்று, ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்துமுறை புழங்கியது. நான்கை நான்கு கோடாகவும் எழுதினார்கள், 'ஐ-வி' என்றும் எழுதினார்கள். நான்கு, காசு மாற்றுபவர்கள் உள்ளே வெள்ளிதானா என்று பார்க்க அடித்த சிறு முத்திரைகள். பிறை, புள்ளி, எழுத்து என்று அவை பல வடிவில் வரும். நம் காசின் முன்புறத்திலும் கப்பலுக்கு மேலே பிறை வடிவில் ஒன்று இருக்கிறது. பொறித்த எழுத்து மேடாக எழும், முத்திரை பள்ளமாக இறங்கும். விளக்கை எதிர்ப்பக்கம் மாற்றினால் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்துப் பிரித்துவிடலாம்.

இனி அளவெடுப்போம். ஒளிப்படத்தில் மில்லிமீட்டர் அளவுகோலும் சேர்ந்து பதிந்திருக்க வேண்டும். கழுகுக் கம்பத்துக்கும் வலது கொடிக்கோலுக்கும் இடையே 4.2 மி.மீ. கம்பத்திலிருந்து 0.4 மி.மீ. தள்ளி ஒரு குறுக்கு வெட்டு: இரு சாய்கோடுகள் நடுவில் வெட்டிக்கொள்வது 2 மணித் திசை வெளிச்சத்தில் ஒன்றும், 10 மணித் திசை வெளிச்சத்தில் மற்றொன்றுமாகத் தெளிவாகத் தெரிகிறது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே ஒரு கால் மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஆனால் மிஞ்சியிருக்கிறது. எனவே 'வி' இல்லை, 'எக்ஸ்'. அகலம் 1.5 மி.மீ. அதற்கும் கம்பத்துக்கும் இடையே இன்னோர் எழுத்துக்கு இடமில்லை. ஆகவே இருபது என்று தொடங்கும் எண்ணாக இருந்தால் இரண்டாவது 'எக்ஸ்' வலப்புறம் வந்திருக்க வேண்டும்.

வலப்புறம் 0.8 மி.மீ. தள்ளி நேர்க்கோடு ஒன்று. உச்சியிலும் அடியிலும் சிறு தடிப்பு. எழுத்தின் முனைகளில் அச்சுவெட்டி (காசின் அச்சைச் செதுக்கியவர்) குத்திய குமிழ் அது. கீறலுக்கு இந்தத் தடிப்பு இருக்காது. உறுதியான 'ஐ'. அதற்கும் அப்பால் இன்னொரு 0.8 மி.மீ. தொலைவில் ஒரு கோட்டின் கீழ்ப்பாதி மட்டும், நேராக. சாய்வு இல்லை என்பதால் 'வி'யின் காலாக இருக்க முடியாது. 'எக்ஸ்-ஐ-வி' என்ற பதினான்கின் குறுகிய வடிவம் போயிற்று. மேல்பாதி இல்லாததால் தடிப்பைச் சரிபார்க்க வழியில்லை. மூன்றாவது கோடு ஒன்று இருந்திருந்தால்? 0.4, 1.5, மூன்று தடவை 0.8 என்று கூட்டினால் 4.3. கொடிக்கோலின் மேலேயே போய் ஏறிவிடும். அச்சுவெட்டிகள் கடைசி எழுத்தை நெருக்கி வைப்பது உண்டு என்றாலும், இங்கே முதல் இரண்டு இடைவெளிகளும் நெருக்கமின்றிச் சமமாக இருக்கின்றன. பதின்மூன்று என்பதற்குச் சான்று இல்லை.

ஆக எண் பன்னிரண்டு; கடைசிக் கோடு பொய்யானால் பதினொன்று. பன்னிரண்டு என்றதும் இன்னொரு கேள்வி எழும். 'பன்னிரண்டாம் பழைய படையணி' என்று பெயரோடு வரும் அரிய வகை ஒன்று உண்டு, 544/9. அதில் வாசகம் கழுகுக்கு மேலே வளைந்து ஓடும். நம் காசில் எழுத்து கீழே இருப்பதால் அது இல்லை. விலையில் பெரிய வேறுபாடு இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசி முயற்சியாக, நன்கு பிழைத்த காசுகளின் படங்களோடு, ஒரே அச்சில் அடித்தவையா என்று ஒப்பிடலாம். ஒப்பிட வேண்டியது எழுத்தை விட்டுவிட்டு மற்றவற்றை: கழுகின் இறக்கை முனை எந்த வட்ட மேட்டுக்கு நேராக நிற்கிறது, கோலின் அடிப்புள்ளி எங்கே என்பவை. இரு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பாதி ஒளிபுகும்படி வைத்தால் போதும். ஒத்துவந்தால் எண் உறுதியாகும். ஆனால் அந்தோனி பயன்படுத்திய அச்சுகள் ஏராளம். ஒத்துவராததால் எதுவும் பொய்யாகிவிடாது.

கொங்கு மண்ணில் கிடைத்திருந்தால்

இதே நிலையில் ஒரு காசு கோயம்புத்தூர், கரூர் வட்டாரத்தில் கிடைத்திருந்தால் தொடங்கும் இடமே வேறு. தென்னிந்தியப் புதையல்களின் ரோமானிய வெள்ளியில் இரண்டு வகைகளே மிகுதி. பேரரசர் அகஸ்டஸின் காசில் கயஸ், லூசியஸ் என்ற இரு இளவரசர்கள் நிற்பார்கள். தேய்ந்தபின் இரண்டு கம்பமும், நடுவே தாழ்வாக இரண்டு வட்டக் கேடயமுமாகத் தெரியும். அடுத்த பேரரசர் திபேரியஸின் காசில் வலப்புறம் நோக்கி அமர்ந்த பெண். தேய்ந்தபின் நாற்காலி வடிவில் ஒரு மேடும், நெடுங்கோலும் மிஞ்சும். இரண்டின் முன்புறத்திலும் தலை உண்டு. அங்கே மூன்று கம்பம் தெரிந்தால் வகையைச் சொல்லுமுன் கிடைத்த இடத்தைப் பற்றிய சொல்லைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். மண்ணிலிருந்து எடுத்ததாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கண்டெடுப்பை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பதிவேட்டில் நம் காசுக்கு எழுத வேண்டியது இவ்வளவே. மார்க் அந்தோனி, படையணி தெனாரியஸ், கி.மு. 32-31. முன்புறம்: வலப்புறம் செல்லும் துடுப்புக் கப்பல், வாசகம் தேய்ந்தது, மேலே பிறை முத்திரை. பின்புறம்: இரு கொடிக்கோல்களுக்கு நடுவே கழுகு. எண்: 'எக்ஸ்', 'ஐ' உறுதி, அடுத்த 'ஐ' ஐயத்துக்குரியது. எடை 3.092 கிராம், விட்டம் 17.2 முதல் 18.1 மி.மீ., ஒப்படர்த்தி 10.24. கிராஃபோர்டு 544/26 (பன்னிரண்டாம் படையணி) ஆகலாம், இல்லையெனில் 544/25 (பதினொன்றாம் படையணி).